ரசீதா, சான்றிதழா?

‘120 மணி நேரப் பயிற்சி. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். உலகமெங்கும் செல்லும் சான்றிதழ். 80 சதவீதம் தள்ளுபடி. இன்று நள்ளிரவு வரை மட்டுமே!’

செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு விளம்பரம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம். பக்கத்திலேயே ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருக்கும். பதறிப்போய்ப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். நாளைக்குத் திறந்தாலும் அதே கடிகாரம், அதே நள்ளிரவுதான். ‘கடையைக் காலி செய்கிறோம்’ என்று போர்டு மாட்டிவிட்டு வருஷக்கணக்கில் காலி செய்துகொண்டே இருக்கும் ஜவுளிக் கடைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

அங்கே விற்கிற சரக்கின் பெயர் டெஃபல். ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதற்கான பயிற்சி. முடித்தவர்கள் வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா என்று கிளம்பிப் போய் டீச்சராகலாம். சம்பளமும் வரும், ஊரும் பார்க்கலாம். இருபத்து மூன்று வயதில் இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

நண்பர் ஒருவரின் மகளுக்கும் வரவில்லை. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தவள். வியட்நாமுக்குப் போக ஆசை. அங்கே மொழிப் பயிற்சி மையங்களில் வேலை பார்க்க வெளிநாட்டவருக்கு ஒரு பட்டமும், கற்பித்தல் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். பட்டம் இருக்கிறது. சான்றிதழுக்கு எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று என்னிடம் வந்து கேட்டாள்.

நான் படித்தது பி.காம். இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால், சான்றிதழ் என்கிற வஸ்துவைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் போட்ட கையெழுத்தை நம்பி இன்னொருவர் பணத்தைக் கொடுப்பதுதானே மொத்த காமர்ஸும்!

அவள் இரண்டு கோர்ஸ்களைக் குறித்து வைத்திருந்தாள். ஒன்று, சில ஆயிரம் ரூபாய். வீடியோ பார்க்க வேண்டும், கீழே வரும் கேள்விகளுக்குச் சரியான விடையில் டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, கேம்பிரிட்ஜ் கொடுக்கும் செல்டா. லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது.

“ரெண்டுலயும் 120 மணி நேரம்னுதான் அங்கிள் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?” என்றாள்.

பி.காம்-காரனைப் பார்த்துக் கேட்க வேண்டிய சரியான கேள்வி!

*

செல்டாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதை இருக்கிறது. ஜான் ஹேக்ராஃப்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953-ல் ஸ்பெயின் நாட்டின் கோர்டோபாவில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார்கள். பிறகு லண்டனுக்கு வந்து அங்கேயும் ஒன்று. நல்ல ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. சரி, நாமே தயார் செய்துகொள்வோம் என்று 1962-ல் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார்கள். தியரியை அளவோடு வைத்துக்கொண்டு, நிஜமான மாணவர்களுக்கு முன்னால் ஆளை நிறுத்திப் பழக்குவதுதான் அதன் விசேஷம். அதுதான் கைமாறி, வளர்ந்து, இன்றைய செல்டாவாக நிற்கிறது.

இன்று அதன் கணக்கு இது: குறைந்தது 120 மணி நேரம். அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு நீங்களே பாடம் நடத்த வேண்டும். இன்னொரு 6 மணி நேரம் அனுபவசாலிகள் நடத்துவதைப் பார்க்க வேண்டும். நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி கொடுக்கும் சான்றிதழிலும் ஏறக்குறைய இதே கதைதான். 130 மணி நேரம், அதில் 6 மணி நேரம் வகுப்பு.

அந்த 6 மணி நேரத்தில் என்ன நடக்கும்? நீங்கள் வகுப்பு எடுப்பீர்கள். பின் பெஞ்சில் பயிற்சியாளர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். கூடப் படிக்கிறவர்களும் பார்ப்பார்கள். வகுப்பு முடிந்ததும் போஸ்ட்மார்ட்டம். “45 நிமிஷத்தில் பெரும்பாலும் நீதான் பேசினாய். அவர்கள் எப்போது பேசுவார்கள்?” என்பார். “எல்லாரும் தலையாட்டினார்கள், புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டாய்” என்பார்.

தலையாட்டல் பெரிய விஷயம். ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொல்லிவிட்டு, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் உலகத்தில் எந்தக் குழந்தையும் ஆமாம் என்றுதான் சொல்லும். அப்படிக் கேட்கக் கூடாது என்று அங்கே கற்றுக் கொடுக்கிறார்கள். ‘அவர் இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா? எப்போது வந்தார்?’ என்று கேட்டால்தான், பிள்ளைக்கு ஏறியதா இல்லையா என்று தெரியும். வீடியோவிலும் இதைச் சொல்லலாம்தான். ஆனால், முப்பது ஜோடிக் கண்கள் பார்க்கும்போது வாயிலிருந்து வருவது என்னவோ பழைய ‘புரிஞ்சுதா?’தான். இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் அது நிற்கும்.

ஆன்லைன் என்பதாலேயே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது செல்டாவிலேயே அந்த 6 மணி நேர வகுப்பையும் ஆன்லைனில் நடத்த அனுமதித்துவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நிஜ மாணவர்கள் இருந்தார்கள், பார்த்துத் திருத்த ஆளும் இருந்தது. அது இருந்தால் போதும். சில ஆயிரம் ரூபாய் கோர்ஸில் இல்லாமல் போவது அந்த இரண்டும்தான். மற்ற 114 மணி நேரத்தைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் புத்தகம் வாங்கியே படித்துக்கொள்ளலாம்.

*

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் லட்சணம் விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு குறைந்த விலையைத்தான் சொல்வான். நல்ல வண்டிக்காரன் ‘கட்டுப்படியாகாது’ என்று சந்தையை விட்டே போய்விடுவான். மிச்சம் நிற்பது ஓட்டை வண்டிகள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதினார். படிப்புச் சான்றிதழ் என்பது முதலாளிக்கு நாம் காட்டும் ஒரு சிக்னல். திறமை இல்லாதவனால் அதைச் சுலபமாக வாங்க முடியாது என்றால்தான் அந்த சிக்னலுக்கு மதிப்பு. இருவருக்கும் ஸ்டிக்லிட்ஸுடன் சேர்த்து 2001-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதை நம் பாஷையில் சொன்னால், யாரும் ஃபெயிலாகவே முடியாத பரீட்சையில் கொடுக்கிற காகிதத்துக்குப் பெயர் ரசீது. பணம் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு அத்தாட்சி. அதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பார்டர் எவ்வளவு தங்க நிறத்தில் இருந்தாலும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பாடத் திட்டம் எழுதி அனுப்பு என்றால் அது இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எழுதியதைப் பார்த்து மட்டும் ஆளை எடைபோட்ட காலம் முடிந்தது. ஆள் நின்று நடத்துவதைப் பார்த்தால்தான் உண்டு.

“ஆனா இது அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் அங்கிள். கீழ நாலு முத்திரை இருக்கு பாருங்க.”

பார்த்தேன். டாக்டருக்கு மெடிக்கல் கமிஷன் இருக்கிறது, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு உலகம் முழுவதற்குமான அப்படி ஓர் அமைப்பு கிடையாது. அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பை யார் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். அதற்கான கட்டணத்தைக் கட்டுவது கோர்ஸ் நடத்துகிறவர்தான். கட்டணம் கொடுப்பவரையே தணிக்கை செய்யும் சங்கடம் காமர்ஸ்காரர்களுக்குப் பழகியது. சத்யம் கம்பெனியின் கணக்குகளில் வருஷா வருஷம் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. 2009 ஜனவரியில் அதன் தலைவர் தன் கையாலேயே கடிதம் எழுதிச் சொல்லும்வரை, பேங்கில் இல்லாத பணம் கணக்கில் இருந்தது. ஆக, முத்திரையைப் பார்த்தால் அடுத்த கேள்வி, முத்திரை குத்தியவருக்கு யார் முத்திரை குத்தினார்கள்? இங்கிலாந்தில் ஆஃப்குவால் என்ற தேர்வுக் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. செல்டா அதன் பட்டியலில் ஐந்தாம் நிலையில் இருக்கிறது. அப்படி ஓர் அரசுப் பட்டியலில் போய் முடிகிறதா, இல்லை, நாலு முத்திரையும் ஒன்றை ஒன்று சுட்டிக்கொண்டு வட்டமடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*

இதுவரைக்கும் சொன்னது வியாபாரம். இனிமேல்தான் விஷயமே.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

“அங்கிள், கொரியாவுக்கு நான் அப்ளை பண்ண முடியுமா பார்த்தேன். அங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிற விசா ஏழு நாட்டுக்காரங்களுக்குத்தானாம். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. மான்செஸ்டர்ல தாவரவியல் படிச்ச பையனுக்கு வேலை உண்டு. இங்கிலீஷ்ல எம்.ஏ. படிச்ச எனக்கு இல்ல. மூஞ்சியையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துத்தான் வேலை குடுக்கறாங்க. அவங்க நியாயமா நடக்காதப்ப, நான் மட்டும் எதுக்கு லட்ச ரூபாய் செலவு பண்ணி நியாயமா நடக்கணும்?”

ஏழு நாடுகள் என்பது நிஜம். இந்தியாவுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2010-ல் அமலுக்கு வந்தபோது, ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்களுக்குப் பள்ளிகளில் துணை ஆசிரியராக ஒரு சின்னக் கதவைத் திறந்தார்கள். ஆனால், பெரிய கதவு ஏழு பேருக்குத்தான். மற்ற நாடுகளிலும் சட்டம் சொல்லாததை விளம்பரம் சொல்லிவிடும். ‘நேட்டிவ் ஸ்பீக்கர்கள் மட்டும்’ என்று.

தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பது ஒரு மூடநம்பிக்கை என்று ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே எழுதினார். 1961-ல் உகாண்டாவின் மகெரெரேயில் நடந்த ஒரு மாநாட்டின் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நம்பிக்கைக்கு ஆதாரமே கிடையாது என்று வாதாடினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999-ல் எழுதிய புத்தகத்தில், போர்க்காலத்து யாழ்ப்பாண வகுப்பறைகளில் தமிழ் மாணவர்கள் ஆங்கிலத்தை எப்படித் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள் என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் பேராசிரியராகி, ஆங்கிலம் கற்பிப்பதற்கான முக்கியமான ஆய்விதழான ‘டெசோல் குவார்ட்டர்லி’க்கு ஆசிரியராகவும் இருந்தார்.

வெளியிலிருந்து வந்து ஒரு மொழியைக் கற்றவருக்கு, அதில் எங்கே பள்ளம் என்று தெரியும். ‘நேத்து வந்திருக்கேன்’ என்று தமிழில் சொல்கிற நாம் ‘ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே’ என்று சொல்லி ஒருமுறையாவது விழுந்து எழுந்திருப்போம். விழாமல் வளர்ந்த மான்செஸ்டர்காரருக்கு அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. ஆக, அவள் கோபம் நியாயமானது. அவள் ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை.

ஆனால், அந்தக் கோபத்துக்கான பில்லை யார் கையில் கொடுக்கப் போகிறாள்?

பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆள் எடுக்கிற முதலாளி தப்புச் செய்கிறான், சரி. அவனுக்குப் பதிலடியாக ரசீதைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? அவனுக்கு ஃபைலில் ஒரு காகிதம் வேண்டும், இன்ஸ்பெக்ஷன் வந்தால் காட்டுவதற்கு. காகிதம் கிடைத்துவிட்டது. ஃபீஸும் வந்துவிட்டது. விசா ஆபீஸருக்கும் நஷ்டமில்லை. கோர்ஸ் நடத்தியவர் எப்போதோ பணத்தை எண்ணிவிட்டார். நஷ்டம் ஒரே ஒருவருக்குத்தான். ஹனோய் நகரத்தில் ஏதோ ஒரு தெருவில், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்போடு, அம்மா கட்டிய பணத்துக்காக வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனுக்கு. அவனுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் எதிலும் சம்பந்தமில்லை. ஏழு நாட்டு விதியை அவன் எழுதவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை அவனால் படிக்கக்கூட முடியாது. அதைப் படிப்பதற்குத்தானே பாவம், அங்கே வந்திருக்கிறான்!

சான்றிதழில் இதுதான் விசித்திரம். வாங்குவது ஒருவர், விற்பது ஒருவர், பார்த்துத் தலையாட்டுவது ஒருவர். அதன் பலனையோ பாவத்தையோ அனுபவிப்பது, இந்த மூன்று பேருமே சந்திக்காத நாலாவது ஆள்.

ஊர்சுற்றும் ஆசை தப்பில்லை. ஒரு வருஷம் போவோம், பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவோம் என்று நினைப்பதும் தப்பில்லை. ஆனால், அவளுக்கு அது ஒரு வருஷம். அந்தப் பையனுக்கு அது ஐந்தாம் வகுப்பு. அவன் திரும்ப வந்து அதைப் படிக்கப் போவதில்லை.

*

‘அப்படிப் பார்த்தால் யாருமே டீச்சராக முடியாதே சார்! எல்லா டீச்சருக்கும் முதல் வகுப்பு என்று ஒன்று உண்டுதானே? அன்றைக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கு நஷ்டம்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. பதிலுக்கு நாம் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவோம். அங்கே மாணவர்கள்தான் சொத்தைப் பல்லை அடைப்பார்கள். நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு அது தெரியும். கட்டணம் குறைவு என்பதும் தெரியும். பின்னால் பேராசிரியர் நிற்கிறார் என்பதும் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கிறார். கைப்பழக்கம் இல்லாத மாணவர் அங்கே யாரையும் ஏமாற்றவில்லை. அதே மாணவர் அண்ணா நகரில் போர்டு மாட்டி, முழு ஃபீஸ் வாங்கிக்கொண்டு, முதல் பல்லை உங்கள் வாயில் பிடுங்கிப் பழகினால்?

இரண்டு இடத்திலும் அதே கை, அதே கொறடு. ஓரிடத்தில் எதிராளிக்குத் தெரியும், இன்னோர் இடத்தில் தெரியாது. தப்பும் சரியும் பிரிகிற இடம் அதுதான். கற்றுக்குட்டியாக இருப்பது பாவமில்லை. கற்றுக்குட்டி என்பதை ஒரு காகிதத்தை வைத்து மூடுவதுதான் பாவம்.

செல்டாவில் பயிற்சி வகுப்புக்கு வருகிற மாணவர்களுக்கு, தங்கள் முன்னால் நிற்பவர் பழகிக்கொண்டிருப்பவர் என்று தெரியும். ஜப்பான் 1987-ல் தொடங்கிய ஜெட் திட்டத்தில், கற்பித்தல் சான்றிதழே இல்லாத பட்டதாரிகளையும் உலகமெங்கும் இருந்து கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஆனால், பதவியின் பெயரே துணை ஆசிரியர். பாடத்துக்குப் பொறுப்பான ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் இருப்பார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நம் சி.ஏ. படிப்பையே எடுத்துக்கொள்ளுங்களேன். பரீட்சை எத்தனை கடினம் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்காமல் கையெழுத்துப் போட விடமாட்டார்கள். முன்பு 3 வருஷம் இருந்ததை 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் 2 வருஷமாகக் குறைத்தார்களே தவிர, எடுத்துவிடவில்லை. பேலன்ஸ் ஷீட்டுக்கே இவ்வளவு காபந்து!

நம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக 2015-லிருந்து பி.எட். இரண்டு வருஷம் படிக்க வேண்டும். அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். நம் பிள்ளைக்கு 20 வாரம் கேட்கிற நாம், அடுத்த நாட்டுப் பிள்ளைக்கு ஒரு வாரக் கடைசி போதும் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

*

ஆசிரியர் என்றால் யார் என்று நம் ஆட்கள் ரொம்ப காலம் முன்பே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இலக்கண நூல்தான். ஆனால், எழுத்தும் சொல்லும் ஆரம்பிப்பதற்கு முன்பே, யார் ஆசிரியர், யார் ஆசிரியராக லாயக்கில்லாதவர் என்று பாயிரத்தில் சொல்லிவிடுகிறார்.

லாயக்கில்லாதவருக்கு அவர் சொல்லும் நான்கு உவமைகளும் அருமை. கழற்சிக்காய் போட்டு வைத்த குடம் போன்றவர் ஒருவர். போட்ட வரிசை ஒன்று, கொட்டும் வரிசை வேறு. மட்டை நிறைந்த பனைமரம் போன்றவர் இன்னொருவர். தானாக விழுந்தால் பழம் உண்டு, ஏறிப் பறிக்க விடமாட்டார். குறுகிய வாயுள்ள குடுவையில் பஞ்சை அடைத்தது போன்றவர் மூன்றாமவர். உள்ளே போவதும் கஷ்டம், வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். நாலாவது, கோணலாக வளர்ந்த தென்னை. தண்ணீர் ஊற்றுவது ஒரு வீடு, காய் விழுவது அடுத்த வீட்டுத் தோட்டத்தில்.

கவனித்தீர்களா? நாலு பேரில் ஒருவர்கூட அறிவில்லாதவர் இல்லை. குடத்தில் காய் இருக்கிறது, பனையில் பழம் இருக்கிறது, குடுவையில் பஞ்சு இருக்கிறது. இருப்பது அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் குற்றம். எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கியதும், டிக் அடித்து நூற்றுக்கு நூறு வாங்கியதும் குடத்துக்குள் காய் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கொட்டும்போது எப்படி வருகிறது என்று யாராவது எதிரே நின்று பார்த்தால்தான் தெரியும். அந்த 6 மணி நேரத்துக்குத்தான் காசு.

*

காசு இல்லாதவர் என்ன செய்வது? லட்ச ரூபாய் உள்ளவர்தான் யோக்கியராக இருக்க முடியும் என்றால் அது என்ன தர்மம்?

இதற்கும் வழி உண்டு. மலிவான கோர்ஸையே எடுத்துக்கொள்ளலாம், தியரிக்காக. விசாவுக்குக் காகிதம் அதிலேயே கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால், கிளம்புவதற்கு முன் இல்லாத பாதியை இங்கேயே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். தெருவில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நான்கு மாதம் பாடம் நடத்தலாம். ‘நான் பழகிக்கொண்டிருக்கிறேன், பணம் வேண்டாம்’ என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு. ரிட்டயரான வாத்தியார் ஒருவர் இல்லாத தெருவா தமிழ்நாட்டில்? அவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னால் உட்காரவைத்து, குறைகளைச் சொல்லச் சொல்லலாம். போய்ச் சேரும் இடத்தில், ‘எனக்கு வகுப்பு அனுபவம் இவ்வளவுதான், முதல் மூன்று மாதம் ஒரு சீனியரோடு சேர்த்துப் போடுங்கள்’ என்று கேட்கலாம். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பள்ளியாக இருந்தால், அது எப்படிப்பட்ட பள்ளி என்பது உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். ஃபிளைட் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

இதைத்தான் நண்பரின் மகளிடமும் சொன்னேன். பணம் கட்டும் முன் கோர்ஸ்காரரிடம் நான்கு கேள்வி கேட்டு மின்னஞ்சல் போடச் சொன்னேன். நிஜ மாணவர்களுக்கு நான் பாடம் நடத்துவேனா, எத்தனை மணி நேரம்? அதைப் பார்த்துக் குறை சொல்பவர் யார், அவர் எங்கே எத்தனை வருஷம் பாடம் நடத்தியவர்? இந்தக் கோர்ஸில் ஃபெயிலானவர்கள் உண்டா? நான் போகப்போவது குழந்தைகளுக்கு, உங்கள் பயிற்சி குழந்தைகளுக்கா, பெரியவர்களுக்கா? கடைசிக் கேள்வி முக்கியம். செல்டாவே பெரியவர்களுக்குக் கற்பிப்பதற்காக வடிவமைக்கப்பட்டதுதான். அதை முடித்துவிட்டு ஏழு வயதுப் பிள்ளைகள் வகுப்பில் போய் நிற்பவர், பாதி தயாராகத்தான் நிற்கிறார்.

இன்னொன்றும் சொன்னேன். 2021 ஜூலையில் சீனா தனியார் டியூஷன்களுக்குக் கட்டுப்பாடு போட்டு, வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் பாடம் நடத்துவதையும் தடுத்தது. அந்த வேலையை நம்பிச் சான்றிதழ் வாங்கியவர்கள் கையில் அந்தக் காகிதம் அப்படியே தங்கிவிட்டது. கூடவே சொல்லிக் கொடுக்கவும் கற்றுக்கொண்டிருந்தவர்களிடம் வேறு எங்கும் கொண்டுபோகக்கூடிய ஒரு தொழில் மிஞ்சியது. சட்டம் எந்த நாட்டில் வேண்டுமானாலும் ஒரு ராத்திரியில் மாறும். கைப்பழக்கம் அப்படிப் போய்விடாது.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்கட்டும். அது அவள் எடுக்க வேண்டிய முடிவு.

*

இதைப் படிக்கும் பலருக்கு வியட்நாமும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ஆனால், உங்கள் தெருமுனையிலும் ஒரு மாடிப்படி ஓரத்தில் ‘90 நாட்களில் ஆங்கிலம்’ என்று போர்டு இருக்கும். ‘சர்வதேசச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்கள்’ என்று கீழே ஒரு வரி இருக்கும். உங்கள் பிள்ளையை அங்கே சேர்க்கப் போகும்போது, ஃபீஸில் ஐநூறு குறைப்பீர்களா என்றுதான் பெரும்பாலும் கேட்டிருப்போம். அடுத்த முறை போகும்போது, ‘நீங்கள் பாடம் நடத்துவதை எப்போதாவது யாராவது பார்த்துக் குறை சொல்லியிருக்கிறார்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஹனோயில் இருக்கும் அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் கேட்க பாஷை தெரியாது. அவள் சார்பில் கேட்டுக்கொள்ள வேண்டியது, கோர்ஸைத் தேர்ந்தெடுக்கிற நம் பிள்ளைதான்.